சட்டக் கல்வியும் மக்கள் சார்பும்: பேராசிரியர் மாதவ மேனனின் கிளினிக் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

அறிஞர் ஒருவர் மறைந்தபின் அவரைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் பாராட்டுரைகளாகவே அமைந்துவிடுகின்றன. நிறுவனங்களைத் தோற்றுவித்தோர் விடயத்தில் இப்போக்கு மேலும் வலுப்பெறுகின்றது. அவர்கள் தோற்றுவித்த நிறுவனங்களே பின்னர் அவர்தம் புகழுக்குக் காவலாகவும் அமைந்துவிடுவதே இதற்குக் காரணமாகும். 2019 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி திருவனந்தபுரத்தில் மறைந்த பேராசிரியர் என். ஆர். மாதவ மேனனை 'நவீன இந்தியச் சட்டக் கல்வியின் தந்தை' என்று அழைப்பது இன்று வழக்காகிவிட்டது. இத்தொடரை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஒருவரைத் தந்தை என்று சொன்ன பிறகு, பிள்ளைகள் எவ்வழி சென்றனர், ஏன் அவ்வழி சென்றனர் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். மேனனது பணிகள் பல்துறைப்பட்டவை. அவற்றுள் அவர் தம் வாழ்நாள் முழுவதும் கைவிடாது பேணிய ஒன்றை, அதாவது கிளினிக் முறைச் சட்டக் கல்வியை மட்டும் இங்கு நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. 'கிளினிக்' என்ற சொல் எம் நாட்டுத் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குச் சென்று, இலக்கம் பெற்று, கிளினிக் கொப்பியைக் கையிற் பிடித்தவாறு வாங்கில் மணிக்கணக்காக அமர்ந்திருந்து, ஈற்றில் வைத்தியரை இரண்டு நிமிடம் காண்பது என்பதே அச்சொல் அவர்களுக்குத் தரும் பொருள். மருத்துவ மாணவனுக்கோ அதே சொல், நோயாளியின் அருகில் நின்று நோயை அறியும் பயிற்சியைக் குறிக்கின்றது. ஒரே இடம், இரு தரப்பினருக்கு இருவேறு அனுபவங்கள். சட்டக் கல்விக்கு இச்சொல்லை இரவல் பெற்றவர்கள் மாணவன் பக்கத்துப் பொருளையே மனத்திற் கொண்டனர். வாங்கில் அமர்ந்திருப்பவரின் பக்கத்துப் பொருளும் அச்சொல்லுடன் கூடவே வந்து சேர்ந்தது என்பதைச் சிலரே உணர்ந்தனர். 'செயன்முறைச் சட்டக் கல்வி' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அம்மொழிபெயர்ப்பில் நோயாளி காணாமற் போய்விடுகின்றார். எனவே இக்கட்டுரையில் கிளினிக் என்றே வழங்குகின்றோம்.

இக்கல்விமுறையின் ஊற்றுக்கண் ஐக்கிய அமெரிக்காவில் உள்ளது. 1870 ஆம் ஆண்டில் ஹாவார்ட் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியான லாங்டெல், மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து அவற்றிலிருந்து சட்டக் கோட்பாடுகளைப் பிரித்தெடுக்கும் முறையைப் புகுத்தினார். நூலகமே சட்ட மாணவனின் ஆய்வுகூடம் என்பது அவரது நிலைப்பாடு. இதற்கெதிராக 1933 இல் ஜெரோம் பிராங்க் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சட்டக் கல்லூரி ஏன் கிளினிக்காக இருத்தல் கூடாது என்று வினவிற்று. வழக்கு தீர்ப்பிலே தொடங்குவதில்லை. சாட்சியின் தடுமாற்றத்திலும் பொலிசாரின் குறிப்புப் புத்தகத்திலும் கட்சிக்காரரின் அச்சத்திலுமே அது தொடங்குகின்றது என்பதே அவரது வாதத்தின் சாரம். ஆயினும் அவ்வாதம் நிறுவன வடிவம் பெறுவதற்கு அறுபதுகளின் குடியுரிமைப் போராட்டங்கள் தேவைப்பட்டன. 1968 இல் போட் நிறுவனத்தின் நிதியுதவியுடன் வில்லியம் பிங்கசின் தலைமையில் அமைந்த சபை, சட்டக் கல்லூரிகள் பலவற்றில் கிளினிக்குகளை ஆரம்பிக்கப் பொருள் வழங்கியது. 1969 இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் வெளியிட்ட மாதிரி விதி, மேற்பார்வைக்கு உட்பட்டு மாணவர் நீதிமன்றில் தோன்றுவதற்கு வழிவகுத்தது. இவ்விதியை வாசகர் மனங்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு மீளவும் வருவோம்.

இந்தியாவின் பகைப்புலம் வேறு. 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், சட்டக் கல்வியின் தரத்தைப் பேணும் பொறுப்பை இந்திய வழக்கறிஞர் மன்றத்திடம் ஒப்படைத்தது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சட்டக் கல்வி என்பது மாலைநேர விரிவுரைகளும் ஆண்டிறுதிப் பரீட்சையும் என்ற அளவிலேயே நின்றது. எழுபதுகளில் இந்நிலைக்கு வெளியிலிருந்து ஓர் அழுத்தம் பிறந்தது. 1957 இல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் தலைமையிலான அமைச்சரவையிற் சட்ட அமைச்சராக இருந்தவரும், பின்னர் உச்ச நீதிமன்ற நீதியரசரானவருமான வி. ஆர். கிருஷ்ண ஐயரின் தலைமையில் அமைந்த சட்ட உதவிக் குழு 1973 இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. வறியோர்க்குச் சட்ட உதவி என்பது அரசின் தருமச் செயலன்று, சமூக நீதியின் கூறு என்று வாதிட்ட அவ்வறிக்கை, சட்டக் கல்லூரிகளுக்கும் அதில் இடமுண்டு என்றது. 1976 இல் 42 ஆவது திருத்தத்தின் வழியாக இலவசச் சட்ட உதவி பற்றிய 39அ உறுப்புரை அரசியலமைப்பினுட் புகுந்தது. அவசரகால நிலையின்போது, உரிமைகள் பல முடக்கப்பட்டிருந்த வேளையிலே, அதே திருத்தத்தின் வழியாக இவ்வுறுப்புரை வந்தது என்பது வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்று. 1979 இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காக அடைபட்டிருந்தோரின் நிலை உச்ச நீதிமன்றின் முன் வந்தது. தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்ச தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிறையிலிருந்தோர் அவர்களுள் இருந்தனர். சட்டம் படித்தோர் இத்தனை ஆயிரம்பேர் இருந்தும் இவர்களுக்காகப் பேச ஒருவரும் இல்லாமற் போனமை எங்ஙனம் என்ற கேள்வி சட்ட ஆசிரியர்களை உறுத்திற்று. மேனனது கிளினிக் சிந்தனை இப்பகைப்புலத்திலேயே உருக்கொண்டது.

1935 இல் திருவனந்தபுரத்திற் பிறந்த மேனன், கேரள மாநிலம் உருவான 1956 ஆம் ஆண்டிலேயே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர். பின்னர் டில்லியில் மத்திய அரசின் செயலகத்திற் பணியாற்றி, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி கற்று, அங்கேயே ஆசிரியருமானார். அறுபதுகளில் டில்லிப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்கு வந்து, வளாகச் சட்ட மையத்தின் தலைவராக உயர்ந்தார். இடையிற் புதுச்சேரி அரசினர் சட்டக் கல்லூரியின் அதிபராகவும், வழக்கறிஞர் மன்ற நம்பிக்கை நிதியத்தின் செயலாளராகவும் கடமையாற்றினார். இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் ஒரே வேளையில் வகுப்பறையையும் நிருவாகத்தையும் அறிந்தவராக இருந்தார் என்பதே. கோப்பு எவ்வாறு நகரும் என்று தெரிந்த சட்ட ஆசிரியர் அபூர்வம். மேனனது வெற்றிகளும் அவரது எல்லைகளும் இப்பண்பிலிருந்தே தோன்றின என்பது எமது கருத்தாகும்.

எழுபதுகளில் டில்லிச் சட்ட பீடத்தில் அவரும் சக ஆசிரியர்களும் முன்னெடுத்த சட்ட உதவிக் கிளினிக், மாணவரைச் சிறைக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் இட்டுச்சென்றது. புள்ளி வழங்கப்படாத, பாடத்திட்டத்திற்கு வெளியே நின்ற பணியாக அது தொடங்கியது. இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். அதே பீடத்தைச் சேர்ந்த உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உட்பட நான்கு சட்ட ஆசிரியர்கள், மதுரா என்ற ஆதிவாசிப் பெண் தொடர்பான வழக்கிற் பொலிசார் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தமையைக் கண்டித்து 1979 இல் பகிரங்கக் கடிதம் எழுதினர். அக்கடிதம் மூட்டிய தீ 1983 ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டத் திருத்தம் வரை சென்றது. ஆக்ரா பெண்கள் காப்பகத்தின் அவலநிலை பற்றி 1981 இல் பக்ஷியும் சர்க்காரும் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாகவே ஏற்றது. ஒரே பீடம், ஒரே காலம். ஆயினும் இரு வேறு பாதைகள். பக்ஷியும் சர்க்காரும் சட்ட அறிவை நேரடியாக அதிகாரத்தின் எதிரே நிறுத்தினர். மேனனோ அவ்வறிவைப் பெறும் மனிதனை மாற்றியமைக்க முற்பட்டார். முன்னது போராட்டம், பின்னது பயிற்சி. இவற்றுள் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. பகிரங்கக் கடிதம் எழுதுவோர் சிலரே. அவர்களுக்குப் பின்னே வழக்குகளை நடத்தப் பலர் வேண்டும். அப்பலரை உருவாக்குவதே கிளினிக்கின் இலக்கு என மேனன் கருதினார். அவ்விலக்கு அவரது நிறுவனங்களால் எய்தப்பட்டதா என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

1986 ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமொன்றின்கீழ்ப் பெங்களூரில் இந்தியத் தேசியச் சட்டக் கல்லூரிப் பல்கலைக்கழகம் அமைந்தது. மேனன் அதன் முதலாவது துணைவேந்தரானார். 1988 இல் முதலணி மாணவர் அனுமதிக்கப்பட்டனர். பள்ளிக் கல்வி முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுக் கற்கைநெறி, சமூக விஞ்ஞானங்களும் சட்டமும் இணைந்த பாடத்திட்டம், வதிவிடக் கல்வி, ஆய்வுக் கட்டுரைகள், விடுமுறைகளில் வெளிக்களப் பயிற்சி என அனைத்தும் அங்கு மாற்றியமைக்கப்பட்டன. டில்லியிற் புள்ளியின்றி நடந்த கிளினிக் இங்கு பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கிருந்தபின் கொல்கத்தாவில் இன்னொரு சட்டப் பல்கலைக்கழகத்தையும், பின்னர் போபாலில் தேசிய நீதித்துறைக் கழகத்தையும் அவர் வழிநடத்தினார். நீதிபதிகளையும் மாணவராக்கிப் பயிற்றலாம் என்ற துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

கிளினிக்கின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் 1997 இல் நிகழ்ந்தது. இந்திய வழக்கறிஞர் மன்றம் அவ்வாண்டு வெளியிட்ட சுற்றறிக்கை, நாட்டின் சட்டக் கல்லூரிகள் யாவும் நான்கு செயன்முறைப் பாடங்களைக் கட்டாயமாகக் கற்பித்தல் வேண்டும் என்று பணித்தது. மாதிரி வழக்காடலும் வழக்குத் தயாரிப்பும் ஒன்று; ஆவண வரைவு மற்றொன்று; தொழில் ஒழுக்கம் பிறிதொன்று. நான்காவது, பொதுநல வழக்காடலும் சட்ட உதவியும். மேனன் பதிப்பித்த கிளினிக் சட்டக் கல்விக் கைந்நூல் 1998 இல் வெளிவந்தமை இத்தேவையை நிறைவு செய்தது. எட்டுத் திசையிலும் இருந்த கல்லூரிகளுக்குத் திடீரெனக் கிளினிக் கட்டாயமாகியபோது, அதனை எவ்வாறு நடத்துவது என்று அறியாதிருந்த ஆசிரியர்களுக்கு இந்நூல் கைவிளக்காயிற்று. கட்சிக்காரரைச் சந்தித்தல், ஆலோசனை கூறல், இணக்கம் பேசல், வரைவு எழுதுதல் ஆகிய திறன்கள் கற்பிக்கத்தக்கவை, மதிப்பிடத்தக்கவை என்பதே அதன் அடிப்படை. இத்துறையில் இந்தியச் சூழலுக்கேற்ப எழுந்த முன்னோடிப் பெருநூல் என்ற சிறப்பை அதற்கு வழங்குவதில் எமக்குத் தயக்கமில்லை.

எனினும் திறன் என்ற கருத்தே சிந்தனைக்குரியது. நேர்காணல் ஒரு திறன் என்று வகுக்கப்பட்டதும், யாரை நேர்காணுகின்றோம் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகின்றது. வெளியேற்றப்படவிருக்கும் குடிசைவாசியையும், அவரை வெளியேற்றவிருக்கும் கட்டட நிறுவனத்தின் முகாமையாளரையும் ஒரே திறன்கொண்டு நேர்காணலாம். திறனுக்கு வர்க்கம் இல்லை. அதனைப் பயன்படுத்துவோருக்கே வர்க்கம் உண்டு. டில்லிச் சிறைகளிற் பிறந்த கிளினிக்கில் மனிதர் முன்னிருந்தனர், திறன் பின்னே வந்தது. கட்டாயப் பாடமாகிய கிளினிக்கில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. இதன் தருக்கரீதியான முடிவை 2008 ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளிற் காண்கிறோம். அவ்விதிகளின் கட்டாயக் கிளினிக் பாடங்கள் நான்கில் ஆவண வரைவு உண்டு, தொழில் ஒழுக்கம் உண்டு, மாதிரி வழக்காடலும் உள்ளகப் பயிற்சியும் உண்டு. பொதுநல வழக்காடலும் சட்ட உதவியும் இருந்த இடத்தில் மாற்று முறைப் பிணக்குத் தீர்வு வந்தமர்ந்தது. ஒவ்வொரு கல்லூரியும் சட்ட உதவி நிலையம் ஒன்றை நடத்துதல் வேண்டும் என்ற நிபந்தனை அதே விதிகளில் வேறோரிடத்தில் உள்ளது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புள்ளிக்குரிய இடத்தைவிட்டு வறியவர் வெளியேற்றப்பட்டு, புள்ளியற்ற இடத்திற் குடியமர்த்தப்பட்டனர். எந்தத் தேவைக்காகக் கிளினிக் தோன்றியதோ அத்தேவை பதினொரு ஆண்டுகளுக்குள் கிளினிக்கின் கட்டாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. இவ்விதிகளை மேனன் இயற்றினார் என்று நாம் கூறவில்லை. அவர் வகுத்த 'திறன்' என்ற சட்டகம் இம்மாற்றத்துக்கு எவ்விதத் தடையாகவும் அமையவில்லை என்பதே எமது விமர்சனம்.

இன்னொரு தடையும் உண்டு. அதனைப் பலர் தொழில்நுட்ப விடயம் என்று ஒதுக்கிவிடுவர். இந்தியாவில் முழுநேரச் சம்பளம் பெறும் சட்ட ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் புரிய முடியாது. வழக்கறிஞர் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் வரை கற்பிக்கலாம். முழுநேர ஆசிரியரோ மூன்று நிமிடமேனும் வழக்காட இயலாது. மாணவர் நீதிமன்றிற் தோன்றுவதற்கும் பொதுவான விதியெதுவும் இல்லை. குறித்த வழக்கொன்றில் வழக்கறிஞரல்லாத ஒருவரை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்னும் 32 ஆம் பிரிவு மட்டுமே உள்ளது. மேலே அமெரிக்க மாதிரி விதியைக் குறிப்பிட்டமைக்குக் காரணம் இதுவே. அங்கு மருத்துவப் பேராசிரியர் போலச் சட்டப் பேராசிரியரும் தாமே சிகிச்சை செய்து காட்டுகிறார். இந்தியாவில் ஆசிரியர் ஆஸ்பத்திரிக்குள் நுழையவே அனுமதியற்றவர். கத்தியைத் தொடாத சத்திரசிகிச்சைப் பேராசிரியரை எம்மாற் கற்பனை செய்ய முடிகின்றதா? இந்நிலையிற் கிளினிக் என்பது விழிப்புணர்வு முகாம், விண்ணப்பம் எழுதிக்கொடுத்தல், சிறைச்சாலை விஜயம் என்ற எல்லைக்குட் சுருங்கியதில் வியப்பில்லை. வழக்கறிஞர் மன்றத்துடன் இத்துணை நெருக்கமாகப் பணியாற்றிய மேனன் வாழ்ந்த காலத்தில் இவ்விதி தளரவில்லை. தொழிலின் தனியுரிமையைக் காக்கும் அமைப்பொன்றின் துணையுடன் தொழிலைச் சீர்திருத்த முனைந்தமையின் விலை இது.

இனி, பிள்ளைகள் சென்ற வழிக்கு வருவோம். பெங்களூரின் முதலணி 1993 இல் பட்டம் பெற்று வெளியேறியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1991 இல், இந்தியப் பொருளாதாரத்தின் கதவுகள் திறந்துவிடப்பட்டிருந்தன. பன்னாட்டு மூலதனத்துக்கு ஒப்பந்தம் வரையவும் கம்பனிகளை இணைக்கவும் ஆங்கிலத்திற் சரளமான, கடின உழைப்புக்குப் பழகிய இளம் சட்டத்தரணிகள் தேவைப்பட்டனர். அவர்களைத் தயாரித்து வைத்திருந்தது மேனனின் கல்லூரி. மக்களுக்கான சட்டத்தரணியை உருவாக்கவென எழுந்த நிறுவனம், சந்தை கோரிய சட்டத்தரணியை உரிய வேளையில் வழங்கிற்று. இதனைத் தனிமனிதத் துரோகமாக விளக்குவது விஞ்ஞானபூர்வமான பார்வையாகாது. இருபத்துமூன்று வயதில், கல்விச் செலவை ஈடுசெய்ய வேண்டிய நிலையில் உள்ள இளைஞனிடம் தியாகத்தை எதிர்பார்ப்பதைவிட, அவன் மாவட்ட நீதிமன்றுக்குச் சென்றால் எவ்வாறு பிழைப்பான் என்பதற்கு வழி வகுத்திருக்க வேண்டும். சட்ட உதவிப் பணியைச் சம்பளம் உள்ள வாழ்க்கைத் தொழிலாக்கும் ஏற்பாடு இல்லாதவிடத்து, கிளினிக் விதைத்த உணர்வு அறுவடையின்றிப் போகும். அதே கல்லூரிகளிலிருந்து மனித உரிமைத் துறைக்கும் விசாரணை நீதிமன்றங்களுக்கும் சென்ற சிலரும் உளர். அவர்களை மறக்கலாகாது, அவர்களைக் காட்டி மற்றையதை மறைக்கவும் ஆகாது.

இதனோடு பிணைந்தது மொழிப் பிரச்சினை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் போதனாமொழி ஆங்கிலம். 2008 இல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. தமது வாசலைத் தாண்டியுள்ள விசாரணை நீதிமன்றிற் சாட்சி கன்னடத்தில் அழுவதையும் வங்காளத்திற் சபிப்பதையும் இம்மாணவர் எம்மொழியிற் குறிப்பெடுப்பர்? மேனனின் மாணாக்கருள் ஒருவரான சாம்நாத் பஷீர், கிராமப்புற, வறிய, உடற்குறையுள்ள மாணவரைச் சட்டக் கல்லூரிகளுக்குக் கொண்டுவரும் இயக்கமொன்றை 2010 இல் தொடங்கியமை, இக்குறையை அந்நிறுவனங்களின் உள்ளிருந்தே உணர்ந்தோர் இருந்தனர் என்பதற்குச் சான்று. கிளினிக்கில் மருத்துவர் இருக்குமிடத்தில் யார் அமர்வது என்பதும் வாங்கில் யார் அமர்வது என்பதும் பிறப்பினால் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுமாயின், பாடத்திட்டச் சீர்திருத்தம் எத்துணை நுட்பமானதாயினும் அதன் பயன் குறைவே.

மேனனைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் தொட்டும் தொடாமலும் செல்லும் ஒரு விடயத்தை நாம் விரிவாக நோக்க வேண்டியுள்ளது. குற்றவியல் நீதி முறைமையைச் சீர்திருத்துவதற்கென நீதியரசர் மலிமத்தின் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2003 இல் அறிக்கை சமர்ப்பித்தது. அக்குழுவின் உறுப்பினர்களுள் மேனனும் ஒருவர். பாதிக்கப்பட்டோர் வழக்கிற் பங்குபற்றும் உரிமை, அவர்களுக்கான நட்டஈடு ஆகியன பற்றி அவ்வறிக்கை கூறியவை வரவேற்கத்தக்கன. ஆனால் அதே அறிக்கை, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பித்தல் என்ற அளவுகோலைத் தளர்த்தலாம் என்றது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் மௌனத்திலிருந்து நீதிமன்றம் அனுமானம் செய்யலாம் என்றது. ஒலி அல்லது ஒளிப்பதிவு முதலிய நிபந்தனைகளுடன், பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்யும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது. மனித உரிமை அமைப்புகள் இவற்றைக் கடுமையாக எதிர்த்தன. குழுவொன்றின் அறிக்கையில் எவ்வரி எவருடையது என்று பிரித்தறிய முற்படுவது வீண். ஆயினும் சிறைச்சாலைக்கு மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியர், விசாரணைக் கைதியின் வாக்குமூலம் எவ்வாறு 'பெறப்படுகின்றது' என்பதை அறிந்தவர். அவரது பெயர் இவ்விதந்துரைகளின் கீழ் இருப்பது எம்மை உறுத்தவே செய்யும்.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இது தொலைதூரத்து விவாதமன்று. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டோரும் பெறும் வாக்குமூலத்தைச் சான்றாக்கியது. அதன் விளைவைச் சிங்கராசா வழக்கு ஒன்றே போதிய அளவு விளக்கும். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரின் ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் பெருவிரல் அடையாளம் இட்டார். அவ்வொப்புதலே அவருக்கெதிரான சான்றாகி, நெடுங்காலச் சிறைத்தண்டனைக்கு வழிகோலியது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இதில் உரிமை மீறல் உண்டென்று கண்டது. 2006 இல் எமது உயர் நீதிமன்றம் அம்முடிவுக்குச் செயல்வடிவம் கொடுக்க மறுத்தது. அதிகாரியின் தரம் உயர உயர வாக்குமூலத்தின் உண்மை உயர்வதில்லை என்பதை எம்மவர் அனுபவத்தால் அறிவர். மலிமத் அறிக்கை கூறிய பாதுகாப்பு நிபந்தனைகள் எமது சட்டத்தில் இல்லாதவை என்பது உண்மையே. நிபந்தனைகளைக் காகிதத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்வோர் எவர் என்பதே கிளினிக் மாணவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? மேனனது பிற்காலப் பணிகளை ஒருசேர நோக்கினால் விடை ஓரளவு புலப்படுகின்றது. 2008 இல் சம வாய்ப்பு ஆணைக்குழு பற்றிய நிபுணர் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார்; பாகுபாட்டுக்கு எதிரான அமைப்பொன்றை நிறுவ அக்குழு விதந்துரைத்தமை முற்போக்கானது. மத்திய - மாநில உறவுகள் பற்றிய ஆணைக்குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். இவ்வனைத்திலும் இழையோடுவது, அரசு என்னும் இயந்திரம் செப்பனிடத்தக்கது, நல்ல மனிதரும் நல்ல விதிகளும் சேர்ந்தால் அது நீதியை வழங்கும் என்ற நம்பிக்கை. இந்நம்பிக்கையே அவரைச் சட்டக் கல்லூரிகளைக் கட்டவைத்தது. இதே நம்பிக்கையே, வழக்குகள் தோற்பதற்குக் காரணம் சான்று விதிகளின் இறுக்கம் எனக் கருதும் குழுவிலும் அவரை அமரவைத்தது. கிளினிக் அரசின் ஓர் உறுப்பாகத் தன்னைக் கருதும்போது, சிறைக்கம்பியின் இருபுறத்தையும் ஒரே வேளையிற் சீர்திருத்தலாம் என்ற மயக்கம் உண்டாகின்றது.

அவருடைய சமகாலத்தவரும், அவர் பிறந்த அதே 1935 இல் பிறந்தவருமான ஹாவார்ட் பேராசிரியர் கேரி பெல்லோவை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். கலிபோர்னியத் தோட்டத் தொழிலாளருக்காக வழக்காடிய அனுபவத்துடன் கல்வித்துறைக்கு வந்த அவர், 1977 இல் எழுதிய கட்டுரையொன்றில் சட்ட உதவி நிலையங்களையே விமர்சனத்துக்கு உட்படுத்தினார். அங்கு கட்சிக்காரர் பேசுவது குறைவு. சட்டத்தரணியே கேள்வியையும் விடையையும் தீர்மானிக்கிறார். மனிதரின் சிக்கல் வார்ப்பில் அடங்கும் அளவுக்குக் குறுக்கப்பட்டு, விரைந்து இணக்கஞ் செய்யப்படுகின்றது. தீர்வாக வந்ததே பிரச்சினையாகிவிடுகின்றது என்பது அவரது கணிப்பு. 1979 இல் ஜீன் சார்னுடன் சேர்ந்து பொஸ்ரனின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியொன்றில் அவர் தொடங்கிய நிலையம், மாணவரைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வெளியேற்றி மக்கள் மத்தியில் இருத்தியது. தமது சொந்த இயக்கத்தை நோக்கி இத்தகைய கடுமையான கேள்வியை மேனன் எழுப்பியிருப்பாராயின் 1997 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வேறு உருப் பெற்றிருக்கக்கூடும். ஆனால் ஒப்பீட்டில் நீதி வேண்டும். பெல்லோவுக்குப் பின்னால் ஹாவார்டின் செல்வம் இருந்தது. மேனன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பரந்துகிடக்கும் நாடொன்றுக்காகச் சிந்திக்க வேண்டியிருந்தது. ஒரு சிறந்த கிளினிக்கை நடத்துவதும், ஆசிரியர் பற்றாக்குறையுள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகளிற் கிளினிக்கின் நிழலையாவது விழச்செய்வதும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கன அல்ல. 2021 ஆம் ஆண்டில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு 77 பேர் தீர்ப்பளிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஹுசைனாரா காத்தூன் வழக்குக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை இது எனில், அதனைச் சட்டக் கல்வி ஒன்றினால் மட்டும் தீர்த்திருக்க முடியும் என்று எவரும் வாதிடார்.

எமது நாட்டில் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்ச் சட்ட உதவி ஆணைக்குழு இயங்கி வருகின்றது. பல்கலைக்கழகங்களிற் சட்டம் பயிலும் தமிழ் மாணவரும் உளர். மேனனின் கைந்நூலை அவர்கள் கற்பது நன்று. ஆயின் அதன் அத்தியாய ஒழுங்கினைத் தலைகீழாக்கிக் கற்றல் வேண்டும் என்பதே எமது ஆலோசனை. திறனிலிருந்து கட்சிக்காரரை நோக்கிச் செல்லாமல், கட்சிக்காரரிலிருந்து திறனை நோக்கி வருதல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் காணி உறுதியை இடம்பெயர்வில் இழந்தோர், 2016 இல் அறிமுகமான காணாமற்போனமைச் சான்றிதழைப் பெறுவதா விடுவதா என்று தவிக்கும் தாய்மார், மலையகத்தில் லயத்து அறைக்கு எவ்வித ஆவணமும் இல்லாத குடும்பங்கள், விளக்கமறியலிற் பிணைப்பணம் இன்றிக் கிடப்போர் ஆகியோரே இங்கு வாங்கில் அமர்ந்திருப்பவர்கள். காணாமற்போனமைச் சான்றிதழைப் பெற மறுக்கும் தாய்க்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் திறன் பயன்படாது. அவர் ஏன் மறுக்கின்றார் என்பதைக் கேட்டு, அவர் சொன்ன மொழியிலேயே எழுதி, அதனை எழுதியவாறே அவருக்கு வாசித்துக் காட்டத் தெரிந்திருத்தல் வேண்டும். எமது சட்ட மாணவரின் முதலாண்டுப் பயிற்சி இதிலிருந்து தொடங்கலாம்.